பழைய கம்ப்யூட்டரில் ஜம்பர் விழுந்துவிட்டால்: எந்த கேபிள் எங்கே, எந்த டிஸ்க் எப்படி?

கேட்டவர் சொன்னதைச் சுருக்கமாக முதலில் வைத்துக்கொள்கிறேன். அப்பாவின் பழைய பென்டியம் 4 கம்ப்யூட்டரைத் தூசி தட்டத் திறந்திருக்கிறார். மூன்று பட்டை கேபிள்களையும் கழற்றியபோது ஒரு சின்ன ஜம்பர் கீழே விழுந்திருக்கிறது. எதிலிருந்து விழுந்தது என்று தெரியாமல், 80 ஜிபி வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க்கில் குத்துமதிப்பாகச் செருகிவிட்டார். இப்போது விண்டோஸ் எக்ஸ்பி இருக்கும் 40 ஜிபி சீகேட் மட்டும் வருகிறது. குடும்பப் படங்கள் இருக்கும் 80 ஜிபி டிஸ்க் பயாஸிலேயே (கம்ப்யூட்டரைப் போட்டதும் விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை நிரல்) தெரியவில்லை. “எந்த கேபிள் எங்கே போகும், ஜம்பரை எங்கே வைப்பது?” என்று கேட்டிருக்கிறார். ஆனால் அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது படங்கள் போய்விட்டனவா, போகவில்லை என்றால் எப்படி எடுப்பது என்பதுதான்.

ஜம்பரை இடம் மாற்றி வைத்ததால் படம் அழியாது. இது உறுதி. அந்தக் கால ஐடிஇ டிஸ்க்கில் (பட்டை கேபிளில் மாட்டும் பழைய வகை) ஜம்பர் என்பது இரண்டு ஊசிகளை இணைக்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் தொப்பி, உள்ளே ஒரு துண்டு உலோகம், அவ்வளவுதான். மின்சாரம் வந்ததும் டிஸ்க் தன் ஊசிகளைப் பார்த்து “நான் முதலாவதா, இரண்டாவதா” என்று முடிவு செய்துகொள்ளும். அதில் எழுதிய எதையும் இந்த ஜம்பர் தொடாது. டிஸ்க்குக்கு நிஜமான ஆபத்து வேறு இடங்களில் இருக்கிறது: மின்சாரம் ஓடும்போதே கேபிளைப் பிடுங்குவது, நான்கு கம்பி பவர் கனெக்டரைத் தலைகீழாக அழுத்தித் திணிப்பது, ஊசியை வளைத்துவிடுவது. பவர் கனெக்டரில் மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பும் எர்த். தலைகீழாகப் போனால் 5 வோல்ட் இடத்தில் 12 வோல்ட் ஏறி டிஸ்க்கின் போர்டு கருகிவிடும். இரண்டு மூலைகள் சரிவாக வெட்டப்பட்டிருப்பது இதைத் தடுக்கத்தான், ஆனால் பழைய கனெக்டர் தளர்ந்திருந்தால் பலம் கொடுத்துத் தப்பாகவும் செருகிவிடலாம். அதனால் இனிமேல் எதைத் தொட்டாலும் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் சுவரிலிருந்து உருவிவிட்டே தொடுங்கள். இந்தக் கம்ப்யூட்டர்களில் இருக்கும் ஏடிஎக்ஸ் வகை பவர் சப்ளை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் மதர்போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். அப்புறம், வேறு ஜம்பரோ திருகோ போர்டின் மேல் விழுந்து கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

இப்போது கேபிள்கள். மூன்றையும் மேசைமேல் பக்கம் பக்கமாக விரித்து வையுங்கள். ஒன்று மட்டும் அகலம் குறைவாக இருக்கும், சுமார் நாலேகால் சென்டிமீட்டர். அதன் ஒரு முனைக்கு அருகே சில கம்பிகளை மட்டும் தனியே பிரித்து ஒரு சுற்று முறுக்கி மறுபடி சேர்த்திருப்பார்கள். அது 34 கம்பி ஃபிளாப்பி கேபிள். முறுக்கைத் தாண்டிய முனையில் மாட்டும் டிரைவ்தான் ஏ: டிரைவ். முறுக்குக்கு முன்னால் இன்னொரு கனெக்டர் இருந்தால் அது பி: டிரைவுக்கு. முறுக்கே அந்த வேறுபாட்டைக் கம்பியில் செய்துவிடுவதால், ஃபிளாப்பி டிரைவ்களில் ஜம்பரை யாரும் தொட வேண்டியதில்லை. கம்ப்யூட்டரைப் போட்டதும் ஃபிளாப்பியின் பச்சை விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கேபிள் தலைகீழ். அணைத்துவிட்டுத் திருப்பி மாட்டுங்கள். விளக்கு அப்படி எரியும்போது ஃபிளாப்பியை மட்டும் உள்ளே போடாதீர்கள்.

மற்ற இரண்டும் சுமார் ஐந்து சென்டிமீட்டர் அகலம், 40 ஊசி ஐடிஇ கேபிள்கள். இதில்தான் பலர் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் இருக்கிறது. இரண்டும் ஒரே அகலத்தில் இருந்தாலும் ஒன்று 40 கம்பி, மற்றொன்று 80 கம்பியாக இருக்கலாம். நகத்தை குறுக்கே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வரி வரியாக, எண்ணிவிடக்கூடிய தடிமனில் தட்டுப்பட்டால் 40 கம்பி. துணியைத் தடவுவதுபோல மிக நெருக்கமாக இருந்தால் 80. கூடுதலாக வந்த 40 கம்பியும் எர்த்துதான். ஒவ்வொரு சிக்னல் கம்பிக்கும் நடுவே ஒன்றை வைத்து, ஒன்றின் சிக்னல் மற்றொன்றில் கலக்காமல் தடுக்கிறார்கள். நொடிக்கு 33 மெகாபைட் வேகம் வரை 40 கம்பி போதும். 66, 100, 133 என்று விளம்பரம் செய்த வேகங்களுக்கெல்லாம் 80 கம்பி கேபிள் வேண்டும். சில போர்டுகள் தொடக்கத் திரையிலேயே “நோ 80 கண்டக்டர் கேபிள் இன்ஸ்டால்டு” என்று ஒரு வரி காட்டும். அது இதைத்தான் சொல்கிறது. பழுது என்று பயப்பட வேண்டாம், வேகம் மட்டும் குறையும்.

80 கம்பி கேபிளில் கனெக்டர்களுக்கு நிறம் உண்டு. நீலம் மதர்போர்டுக்கு, கறுப்பு கடைசி முனையில் மாஸ்டருக்கு (கேபிளின் முதல் டிரைவ்), நடுவில் உள்ள சாம்பல் ஸ்லேவுக்கு (இரண்டாவது டிரைவ்). இந்த நிறம் அழகுக்காக வைத்ததில்லை. நீல கனெக்டருக்குள் 34ஆம் ஊசி எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்துத்தான் போர்டு “இது 80 கம்பி” என்று தெரிந்துகொள்கிறது. சாம்பல் கனெக்டரில் 28ஆம் ஊசிக்கு இணைப்பே இருக்காது. கேபிள் செலக்ட் முறை, அதாவது எந்தக் கனெக்டரில் மாட்டியிருக்கிறது என்பதை வைத்தே மாஸ்டரா ஸ்லேவா என்று டிஸ்க் முடிவு செய்யும் முறை, அந்த ஒரு ஊசியை நம்பித்தான் ஓடுகிறது. கேபிளைத் தலைமாற்றி கறுப்பை போர்டிலும் நீலத்தை டிஸ்க்கிலும் மாட்டினால் பல சமயம் டிஸ்க் வேலை செய்யும். ஆனால் போர்டு வேகத்தை 33க்குக் குறைத்துவிடும், கேபிள் செலக்டும் குழம்பிவிடும். “ஓடுகிறதே, விடு” என்று விட்டுவிடும் தவறு இது.

கேபிளின் ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு முதல் ஊசியின் பக்கம். மூன்றரை அங்குல ஹார்ட் டிஸ்க்கில் அந்தச் சிவப்புக் கோடு பவர் கனெக்டரை ஒட்டி வர வேண்டும், சிடி, டிவிடி டிரைவிலும் அப்படியே. மிகப் பழைய சில டிஸ்க்குகள் இதற்கு விதிவிலக்கு, ஆனால் 40, 80 ஜிபி காலத்து டிஸ்க்கில் நம்பிச் செய்யலாம். ஐடிஇ கனெக்டரின் நடுவே 20ஆம் ஊசி இருக்காது, கேபிளிலும் அந்த ஓட்டையை அடைத்திருப்பார்கள். வெளியே ஒரு மேடும் அதற்கேற்ற பள்ளமும் இருக்கும். இத்தனையையும் மீறி மாட்டிக்கொள்ளும் மலிவு கேபிள்களும் அன்று விற்றன. தலைகீழாகப் போனால் அந்த கேபிளில் இருக்கும் எந்த டிரைவும் தெரியாது. சில போர்டுகள் தொடக்கத்திலேயே நின்றுவிடும், முன்பக்கச் சிவப்பு விளக்கு விடாமல் எரியும். நேராக மாட்டினால் சரியாகிவிடும்.

ஜம்பருக்கு வருவோம். ஒரு ஐடிஇ கேபிளில் இரண்டு டிரைவ்கள் இருக்கலாம். மாஸ்டர் ஸ்லேவுக்குக் கட்டளை இடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. போர்டு அனுப்பும் எல்லாமே இரண்டு டிரைவ்களுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். அதில் ஒரு பிட் மட்டும் “இது 0க்கு” அல்லது “இது 1க்கு” என்று சொல்லும். தன் எண் வந்தால் டிரைவ் பதில் சொல்லும், வராவிட்டால் சும்மா இருக்கும். மாஸ்டர் என்பது 0, ஸ்லேவ் என்பது 1. இரண்டையும் மாஸ்டராக வைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லி ஒன்றையொன்று கெடுக்கும். விளைவு போர்டுக்குப் போர்டு மாறும்: ஒன்று மட்டும் தெரியலாம், இரண்டும் தெரியாமல் போகலாம், பெயர் கிறுக்கலாக வரலாம். உங்களுக்கு நடந்திருப்பதும் இதுவாகவே இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. குத்துமதிப்பாகச் செருகிய இடம் மாஸ்டர் இடமாக அமைந்திருக்கும்.

எதிலிருந்து ஜம்பர் விழுந்தது என்பதைத் துப்பறிய ஒரு வழி இருக்கிறது. சீகேட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள், அதில் இப்போது ஜம்பர் இருக்கிறதா? அந்தக் கால சீகேட் ஐடிஇ டிஸ்க்கில் ஜம்பர் இல்லையென்றால் அது ஸ்லேவ். ஜம்பர் இருந்தால், வைத்திருக்கும் இடத்தைப் பொறுத்து மாஸ்டர் அல்லது கேபிள் செலக்ட். எந்த இடம் எது என்பதை டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் சின்னப் படமாகப் போட்டிருப்பார்கள். சீகேட்டில் ஜம்பர் அதன் இடத்திலேயே இருந்தால், விழுந்தது பெரும்பாலும் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஜம்பர். சீகேட் மாஸ்டர் என்றால் இது அதே கேபிளில் ஸ்லேவாக இருந்திருக்கும். சீகேட் கேபிள் செலக்டில் இருந்தால், இதுவும் கேபிள் செலக்டில் இருந்திருக்கும். கடைகளில் அசெம்பிள் செய்தவர்கள் வழக்கமாக இரண்டு டிஸ்க்கையும் மதர்போர்டின் ஐடிஇ 1 கனெக்டரிலும் டிவிடியை ஐடிஇ 2 கனெக்டரிலும் போட்டார்கள். ஆனால் இரண்டாவது டிஸ்க்கைப் பின்னாளில் வாங்கிச் சேர்த்தவர்கள், கேபிள் நீளம் எட்டாமல் டிவிடியோடு சேர்த்து மாட்டியதும் உண்டு. ஐடிஇ கேபிள் 18 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. உயரமான கேபினட்டில் அது பல சமயம் பற்றாது. ஆகவே உங்கள் அப்பா எதைச் செய்தார் என்று இங்கிருந்து நான் அடித்துச் சொல்ல முடியாது.

வெஸ்டர்ன் டிஜிட்டலில் ஒரு சிக்கல் உண்டு, இதில்தான் அனுபவசாலிகளும் மாட்டிக்கொள்வார்கள். மற்ற பல கம்பெனிகளின் டிஸ்க்கில் “மாஸ்டர்” என்றால் தனியாக இருந்தாலும் துணையோடு இருந்தாலும் ஒன்றுதான். அந்தக் கால வெஸ்டர்ன் டிஜிட்டலில் “சிங்கிள்” வேறு, “மாஸ்டர்” வேறு. கேபிளில் அது ஒன்றே இருந்தால் ஜம்பரை முழுதாக எடுத்துவிட வேண்டும், அல்லது எதையும் இணைக்காதபடி குறுக்கே வைக்கவேண்டும். மாஸ்டர் என்று ஜம்பர் போட்டால் அது பக்கத்தில் ஒரு ஸ்லேவ் இருப்பதாக எடுத்துக்கொண்டு அதன் பதிலுக்குக் காத்திருக்கும். இல்லாத ஸ்லேவுக்காக அது காத்திருக்கும் நேரத்தில் பயாஸ் பொறுமை இழந்து “டிஸ்க்கே இல்லை” என்று போய்விடும். “போன வாரம் வரை ஓடியது, இன்னொரு டிஸ்க்கைக் கழற்றியதும் இதுவும் செத்துவிட்டது” என்று சர்வீஸுக்கு வந்த டிஸ்க்குகளில், ஜம்பரை எடுத்ததுமே உயிர் வந்தவை எத்தனையோ.

கேபிள் செலக்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நிறம் போட்ட 80 கம்பி கேபிளில் இரண்டு டிஸ்க்கையும் கேபிள் செலக்டில் வைத்துவிட்டால் கறுப்பு முனையில் இருப்பது மாஸ்டர், சாம்பலில் இருப்பது ஸ்லேவ். ஆனால் சாதாரண 40 கம்பி கேபிளில் 28ஆம் கம்பி எல்லாக் கனெக்டருக்கும் போகும், இரண்டு டிஸ்க்கும் மாஸ்டராகிவிடும். அந்தக் கம்பியை இரண்டு கனெக்டர்களுக்கு நடுவே வெட்டிய 40 கம்பி கேபிள்களும் இருந்தன. அவற்றில் நடுக் கனெக்டர் மாஸ்டர், முனை ஸ்லேவ் என்று தலைகீழாக வரும். அதனால் 40 கம்பி கேபிள் கையில் இருந்தால் கேபிள் செலக்டை மறந்துவிட்டு ஒன்றை மாஸ்டர், மற்றொன்றை ஸ்லேவ் என்று ஜம்பராலேயே வைப்பது நல்லது. ஒன்றை மாஸ்டர், மற்றதை கேபிள் செலக்ட் என்று கலப்பது எந்தக் கேபிளிலும் வேண்டாம்.

இவ்வளவும் சொன்னாலும், உங்கள் வேலைக்கு இரண்டு டிஸ்க்கையும் ஒரே கேபிளில் ஜோடி சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை. நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். டிவிடி டிரைவின் டேட்டா கேபிளையும் பவரையும் கழற்றிவிடுவேன். சீகேட்டை ஐடிஇ 1 கேபிளின் கடைசி முனையில் தனியாக, அதன் ஜம்பரைத் தொடாமல் விடுவேன். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஜம்பரை முழுதாக எடுத்து ஒரு காகித உறையில் போட்டு, டிஸ்க்கை ஐடிஇ 2 கேபிளின் கடைசி முனையில் மாட்டுவேன். தனி டிரைவை நடுக் கனெக்டரில் போட்டு முனையைச் சும்மா தொங்கவிடக்கூடாது, மீதிக் கம்பியில் சிக்னல் எதிரொலித்துத் திரும்பி வரும். இப்போது யார் மாஸ்டர், யார் ஸ்லேவ் என்ற கேள்விக்கே இடமில்லை. ஐடிஇ 2இன் கேபிள் 40 கம்பியாக இருந்தாலும் பரவாயில்லை. நொடிக்கு 33 மெகாபைட் என்பது படங்களை காப்பி எடுக்கத் தாராளம்.

பிறகு பயாஸுக்குள் போய், பிரைமரி மாஸ்டர் (ஐடிஇ 1), செகண்டரி மாஸ்டர் (ஐடிஇ 2) இரண்டும் “ஆட்டோ”வில் இருக்கின்றனவா என்று பாருங்கள். யாராவது எப்போதாவது “நன்” (None, எதுவும் இல்லை) என்று வைத்திருந்தால் கேபிளும் ஜம்பரும் எவ்வளவு சரியாக இருந்தாலும் டிஸ்க் வராது. சரியாக வந்தால் டிஸ்க்கின் மாடல் எண் தெரியும்: சீகேட் “எஸ்டி” என்று தொடங்கும், மற்றது “டபிள்யூடிசி” என்று தொடங்கும். தேதி பல ஆண்டு பின்னால் போயிருந்தால் போர்டில் உள்ள காசு பேட்டரி தீர்ந்திருக்கிறது, சிஆர்2032 ஒன்றை வாங்கிப் போட்டுவிடுங்கள். பூட் வரிசையில் சீகேட் முதலில் இருக்கட்டும். இல்லையென்றால் கம்ப்யூட்டர் படங்கள் உள்ள டிஸ்க்கில் விண்டோஸைத் தேடிவிட்டு “சிஸ்டம் இல்லை” என்று சொல்லி உங்களைப் பதற வைக்கும்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் 80க்குப் பதில் 32 ஜிபி என்று காட்டுகிறதா? அதுவும் ஜம்பர்தான். 1999 வாக்கில் வந்த சில பயாஸ்களால் சுமார் 32 ஜிபிக்கு மேல் கையாள முடியவில்லை, பெரிய டிஸ்க்கைக் கண்டால் அப்படியே நின்றுவிடும். அவற்றுக்காக டிஸ்க் தன் அளவைக் குறைத்துச் சொல்ல ஒரு ஜம்பர் இடம் வைத்தார்கள். அந்த இடத்தில் செருகியிருந்தால் எடுத்துவிடுங்கள். அளவு குறைந்து காட்டும் நிலையில் விண்டோஸ் “ஃபார்மட் செய்யவா?” என்று கேட்டால் மட்டும் தயவுசெய்து “ஆம்” என்று சொல்லாதீர்கள்.

பழைய போர்டோடு மல்லுக்கட்ட விருப்பமில்லை என்றால் யுஎஸ்பியிலிருந்து ஐடிஇக்கு மாற்றும் அடாப்டர் கிடைக்கிறது. லேப்டாப்பில் செருகிப் படங்களை எடுத்துவிடலாம். மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும் என்பதால் தனி பவர் அடாப்டரோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள். இதிலும் அதே விதிதான்: வெஸ்டர்ன் டிஜிட்டல் என்றால் ஜம்பர் இல்லாமல், மற்றவை என்றால் மாஸ்டர். சென்னையில் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய சாமான் வைத்திருக்கும் கடைகளில் அடாப்டரையும் 80 கம்பி கேபிளையும் கேட்டுப் பார்க்கலாம். ஃபோல்டரைத் திறக்கும்போது “அனுமதி இல்லை” என்று வந்தால் டிஸ்க் பழுது இல்லை. எக்ஸ்பியின் பயனர் கணக்கு வேறு என்பதால் வருவது, ஃபோல்டரின் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றினால் திறக்கும்.

இதைப் படிக்கும் வேறு சிலரிடம் ஐடிஇக்கு அடுத்து வந்த சாட்டா டிஸ்க் இருக்கலாம். அதில் 7 ஊசி டேட்டா கேபிள், 15 ஊசி பவர், ஒரு கேபிளுக்கு ஒரு டிஸ்க், மாஸ்டர் ஸ்லேவ் கிடையாது. ஆனாலும் பின்னால் நாலைந்து ஜம்பர் ஊசிகள் இருக்கும். பெரும்பாலும் அது வேகத்தை 3 கிகாபிட்டிலிருந்து 1.5க்குக் குறைப்பதற்கு. வியா விடி8237 சிப் உள்ள பழைய போர்டுகளில் புது டிஸ்க் தெரியாமல் போனால் அந்த ஜம்பரைப் போட்டால் தெரியும். ஒன்றில் மட்டும் மிகக் கவனம் வேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் முதல் அட்வான்ஸ்டு ஃபார்மட் டிஸ்க்குகளில் எக்ஸ்பிக்காக 7, 8 ஊசிகளில் ஒரு ஜம்பர் போடச் சொன்னார்கள். அது டிஸ்க்கின் முகவரிகளையே ஒரு செக்டர் (டிஸ்க்கில் டேட்டா எழுதும் ஒரு சின்னக் கட்டம்) நகர்த்திவிடும். டேட்டா எழுதிய பிறகு அதைப் போட்டாலோ எடுத்தாலோ பார்ட்டிஷன் காணாமல் போனதுபோல் தெரியும். மேலே “ஜம்பரால் ஒன்றும் அழியாது” என்று சொன்னது ஐடிஇ டிஸ்க்குக்கு. இந்த டிஸ்க்கில் முன்பு இருந்தபடியே ஜம்பரை வைத்துவிட்டால் டேட்டா திரும்பத் தெரியும், ஆனால் அதற்குள் அதில் எதையும் எழுதியிருக்கக்கூடாது.

இத்தனையும் செய்து டிஸ்க் வரவில்லை என்றால் காதைக் கிட்ட வைத்துக் கேளுங்கள். ஓடும் சத்தம் சீராக இருந்தால் இன்னும் கேபிள், ஜம்பர் பக்கம் தேடலாம், வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். “டக், டக்” என்று விட்டுவிட்டு ஒரே சத்தம் வந்தாலோ, சுழலும் அறிகுறியே இல்லாவிட்டாலோ அது ஜம்பர் விஷயம் இல்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காமல் நிறுத்திவிட்டு டேட்டா மீட்பவர்களிடம் கொண்டு போங்கள். அந்த வேலை என் எல்லைக்கு வெளியே. சத்தம் சீராக இருந்தும் தெரியாவிட்டால், இரண்டு டிஸ்க்கின் லேபிளையும், பின்பக்க ஊசிகளையும், கேபிளின் மூன்று கனெக்டர்களையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுங்கள். லேபிளில் மாடல் எண்ணும் ஜம்பர் படமும் படிக்கும்படி இருக்கட்டும், எந்த ஊசி என்று பார்த்துச் சொல்கிறேன்.